பத்துக்கு ஒன்பது வாங்கிய ஊர்

இந்தக் கதையை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஈச்சங்குறிச்சி வழியாகப் போகும் டவுன் பஸ்ஸின் நடத்துநர் சொன்னது. அவர் பாதியை நேரில் பார்த்தவர். மீதியை அந்த ஊர் டீக்கடையில் கேட்டவர். முதலில் ஊரில் ஒரு எருமை என்றார், கொஞ்ச நேரம் கழித்து இரண்டு என்றார். எது சரி என்று கேட்டேன். "நீலமா இருந்தது ஒண்ணுதான்" என்றார். ஆகவே நானும் ஒன்று என்றே எழுதுகிறேன்.

ஈச்சங்குறிச்சியில் இருபத்திரண்டு வீடுகள். ஒரு குளம், ஒரு டீக்கடை, ஒரு தொடக்கப்பள்ளி. பள்ளியில் ஒன்பது பிள்ளைகள், எஸ்தர் டீச்சர் என்று ஒரே ஒரு டீச்சர். நான்காம் வகுப்பில் இருந்தது தர்ஷிகா மட்டும்தான். அந்த வகுப்பில் முதல் ரேங்க் வாங்குவதும் அவள்தான், கடைசி ரேங்க் வாங்குவதும் அவள்தான்.

தர்ஷிகாவின் அம்மா முத்துப்பேச்சி பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி. தலைவியைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில், விருப்பம் உள்ளவர்கள் கையைத் தூக்கலாம் என்று டீச்சர் சொன்னார். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தோமே, போகலாமா என்று கேட்க முத்துப்பேச்சி கையைத் தூக்கினாள். ஏகமனதாகத் தேர்வானாள்.

ஆனால் அந்தப் பங்குனி மாதம் அவளுக்குத் தூக்கம் போயிருந்தது. பிள்ளைகள் பத்துக்கும் குறைவாக இருப்பதால் பள்ளியை மூடி, நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடலாமா என்று பார்க்க ஒரு கல்வி அதிகாரி வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தார். அந்தச் சாலையில் லாரிகள் போகும் வேகம் முத்துப்பேச்சிக்குத் தெரியும். போன வருடம் அந்தப் பக்கம் மேயப் போன அவளுடைய வெள்ளாடு இன்னும் திரும்பி வரவில்லை.

எஸ்தர் டீச்சருக்கு அந்த வாரம் நகரத்தில் பயிற்சி வகுப்பு. வியாழக்கிழமை வரைக்கும் பக்கத்து ஊர் டீச்சர் ஒருவர் வந்து பாடம் நடத்துவார் என்று ஏற்பாடு. பஸ் ஏறும்போது எஸ்தர் டீச்சர் ஒரு தாளை முத்துப்பேச்சியிடம் கொடுத்தார்.

"இந்தப் பருவத்துல நாலாம் வகுப்புக்கு வரைபடம் பாடம். தர்ஷிகா நம்ம ஊரை வரைஞ்சிருக்கா. இதைப் போட்டோ எடுத்து அதிகாரிக்கு அனுப்பியாச்சு. அவர் வெள்ளிக்கிழமை படத்தைப் பாத்துக்கிட்டே ஊரைச் சுத்தி வருவாரு. படமும் ஊரும் ஒத்துப் போகணும், அவ்வளவுதான். ஒண்ணே ஒண்ணு. படத்துல யாரும் கை வெச்சுராதீங்க."

"வெக்க மாட்டோம் டீச்சர்" என்றாள் முத்துப்பேச்சி. பஸ் போய்விட்டது.

அன்று சாயங்காலமே ஜெபமணியின் டீக்கடையில் குழு கூடியது. தலைவியைத் தவிர உறுப்பினர் மூன்று பேர். டீக்கடை ஜெபமணி. எருமை வைத்திருக்கும் சுடலைக்கண்ணு. மின்வாரியத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஆவுடையப்பன் அண்ணாச்சி. முப்பது வருடம் கம்பம் ஏறியவர் என்பதால் அரசாங்கத்தை மேலேயிருந்து பார்த்தவர் என்று ஊரில் அவருக்கு மரியாதை.

தாளை மேசையில் விரித்தார்கள். படத்தின் நடுவில் எஸ்தர் டீச்சர் சிவப்பு மையில் ஒரு டிக் அடித்து, பத்துக்கு ஒன்பது போட்டு, கையெழுத்தும் போட்டிருந்தார்.

ஜெபமணிதான் முதலில் கண்டுபிடித்தார். "யக்கா, என் கடை ரோட்டுக்குக் கிழக்கேல்லா இருக்கு? பாப்பா மேற்கே போட்டுருக்கு!"

"கிழக்குப் பக்கம் தாள் முடிஞ்சுபோச்சு மாமா" என்றாள் தர்ஷிகா. "ரப்பர் இருக்கு. அழிச்சிட்டுச் சரியா வரையட்டுமா?"

ஆவுடையப்பன் பதறிப்போய்த் தாளின் மேல் இரண்டு கைகளையும் விரித்து மூடிக்கொண்டார்.

"பாப்பா, இது டீச்சர் கையெழுத்துப் போட்ட தாளு. இதுல ஒரு கோட்டை மாத்தினாலும் பத்திரத்தை மாத்தின மாதிரி. உன்னையப் பிடிச்சு உள்ள வெச்சுட்டா அஞ்சாம் வகுப்புக்கு எப்படிப் போவ?"

தர்ஷிகா ரப்பரைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

"இப்போ யோசிங்க" என்றார் ஆவுடையப்பன். "படமும் ஊரும் ஒத்துப் போகணும். படத்துல கை வைக்கக் கூடாது. டீச்சர் டிக் போட்டிருக்கதனால படம் சரி. அப்போ தப்பா இருக்கது எது?"

நான்கு பேரும் டீக்கடைக்கு வெளியே எட்டிப் பார்த்தார்கள்.

ஊர்தான் தப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் வேலை தொடங்கியது. டீக்கடையின் அடுப்பு, பெஞ்சு, கூரைத் தகரம், பிஸ்கட் டப்பாக்கள் எல்லாம் ரோட்டைத் தாண்டி மேற்கே போயின. அங்கே நிழல் இல்லை. ஜெபமணி வெயிலில் நின்றுகொண்டு, "படத்துல ஒரு வேப்பமரமாவது போட்டிருக்கலாம் பாப்பா" என்று ஒரு முறை மட்டும் சொன்னார். பஸ் நிறுத்தப் பலகை படத்தில் பள்ளிக்கூடத்தை ஒட்டி இருந்தது. கடப்பாரையால் நெம்பி அதையும் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடச் சுவருக்குப் பக்கத்தில் நட்டார்கள்.

அடுத்து எருமை. தர்ஷிகாவிடம் கறுப்பு கிரேயான் தீர்ந்திருந்ததால் எருமைக்கு நீலம் அடித்திருந்தாள்.

"என் எருமை கறுப்புத்தான்னு ஊருக்கே தெரியும்" என்றார் சுடலைக்கண்ணு.

"ஊருக்குத் தெரியும். அதிகாரிக்குத் தெரியாதுல்லா?" என்றாள் முத்துப்பேச்சி.

ஆறு குப்பி சொட்டு நீலம் செலவானது. எருமை முதலில் முறைத்தது. பிறகு தன் முதுகைத் திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு இரண்டு நாள் அது யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை என்று நடத்துநர் சொன்னார்.

"இன்னொரு சிக்கல்" என்றார் ஜெபமணி. "படத்துல எருமை பள்ளிக்கூடம் தண்டிக்கு இருக்கு."

இதை ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். எருமையை ஒரு நாளைக்குள் அவ்வளவு பெரிதாக வளர்க்க முடியாது என்று சுடலைக்கண்ணு உறுதியாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தைச் சின்னதாக்கினால் அதை மூட அதிகாரியே வர வேண்டியதில்லை என்று முத்துப்பேச்சி சொன்னாள். கடைசியில் எருமையை ரோட்டோரமாகக் கட்டிவிடுவது என்று முடிவானது. கிட்டத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும். கம்பத்தின் மேலேயிருந்து இதைப் பலமுறை பார்த்திருப்பதாக ஆவுடையப்பன் சொன்னார்.

குளத்தை அந்தப் பிள்ளை உள்ளது உள்ளபடி பழுப்பாகத்தான் வரைந்திருந்தாள். பங்குனியில் குளத்தில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆனால் நடுவில் மூன்று மீன்கள் போட்டிருந்தாள்.

"காஞ்ச குளத்துல எப்படி வே மீன் இருக்கும்?" என்று கேட்டார் ஜெபமணி.

"காஞ்ச மீனா இருக்கும்" என்றார் சுடலைக்கண்ணு.

மூன்று கருவாடுகளைக் கொண்டுபோய்க் குளத்தின் நடுவில் ஒரே திசையைப் பார்க்கும்படி வைத்தார்கள்.

தாளின் மூலையில் ஒரு அம்புக்குறியும் அதன் தலையில் 'வ' என்ற எழுத்தும் இருந்தன. ஊரில் எங்கே தேடியும் அப்படி ஒன்று இல்லை. தாளைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தார்கள். அம்பு மேலே பார்த்துக்கொண்டிருந்தது. ஆகவே ஒரு மூங்கில் கழியின் நுனியில் அட்டையில் வெட்டிய அம்பைக் கட்டி, 'வ' எழுதி, வானத்தைப் பார்த்து நட்டு வைத்தார்கள்.

"வடக்கு இவ்வளவு காலமா மேலேயா இருந்துச்சு?" என்று ஆச்சரியப்பட்டார் சுடலைக்கண்ணு.

"அதான் வடக்கே போனவன் எவனும் சீக்கிரம் திரும்பி வாரதில்ல" என்றார் ஆவுடையப்பன்.

படத்தில் சூரியனுக்குக் கண், மூக்கு, மீசை எல்லாம் இருந்தன. இது யார் பொறுப்பு என்று கேள்வி வந்தது. சூரியன் ஊராட்சியின் சொத்துப் பட்டியலில் இல்லை, அதை அதிகாரி நம்மிடம் கேட்க முடியாது என்று ஆவுடையப்பன் தீர்த்து வைத்தார்.

இத்தனையும் வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. முத்துப்பேச்சிக்கு மட்டும் மனது ஆறவில்லை. தாளை மறுபடியும் மறுபடியும் பார்த்தாள். கடைசியில் பெரிய சத்தமாகக் கத்தினாள்.

"அண்ணாச்சி! படத்துல என்னைய விட்டா நம்ம ஆள் யாருமே இல்ல!"

உண்மைதான். தர்ஷிகா இருபத்திரண்டு வீடுகளையும் வரைந்து, ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒரு பூட்டுப் போட்டிருந்தாள். அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள், அதனால்தான். தெருவில் மனிதர் நடமாட்டமே இல்லை. முத்துப்பேச்சி மட்டும் தன் வீட்டு வாசலில் இடுப்பில் குடத்தோடு நான்கு பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பாதமும் இடது பக்கம் திரும்பியிருந்தன.

"தெருவுல நிக்கக் கூடாது. வீடெல்லாம் பூட்டியிருக்கு. அப்போ ஊர்ல பெரியவங்க அம்பத்தொரு பேரும் எங்க போறது?" என்றார் சுடலைக்கண்ணு.

ஜெபமணி தாளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். பள்ளிக்கூடம். படத்திலேயே அதன் கதவு மட்டும்தான் திறந்திருந்தது.

"உள்ள இருக்கவன் படத்துல தெரிய மாட்டான்லா?"

அப்படியே முடிவானது. அப்போதுதான் முத்துப்பேச்சிக்கு உறைத்தது.

"நான் தலைவில்லா? அதிகாரிகிட்ட நான்தானே பேசணும்? அந்த ரோட்டைத் தாண்டி எங்க பிள்ளைகளை அனுப்ப முடியாதுன்னு மூணு நாளா மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பேசுறதுக்கு நாங்க அம்பது பேரு இருக்கோம் தாயி" என்றார் ஆவுடையப்பன். "வாசல்ல நிக்கதுக்கு உன்னைய விட்டா ஆள் இல்ல. பேசிராத. படத்துல உனக்கு வாய் இருக்கு, பேச்சு எழுதல."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு இருபத்தொரு வீடுகளைப் பூட்டினார்கள். சுடலைக்கண்ணு வீட்டுக்குக் கதவே கிடையாது. வெறும் பூட்டை வாசல் நிலையில் ஒரு கயிற்றில் தொங்கவிட்டார்கள். ஆவுடையப்பன் கடைசியாக ஒருமுறை படத்தைப் பார்த்தார். ரோடு தொடங்கும் இடத்தில், தாளின் கீழ் வலது மூலையில், ஒன்றுமே எழுதவில்லை. ஆனால் ஊரில் அந்த இடத்தில் 'ஈச்சங்குறிச்சி' என்று மஞ்சள் பலகை நின்றது.

"நல்ல வேளை பாத்தேன்" என்று அதைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவரும் பள்ளிக்கூடத்துக்குள் போனார். கம்பம் மட்டும் நின்றது.

முத்துப்பேச்சி தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து, பாதங்களை இடது பக்கம் திருப்பி, நான்கு பல்லைக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஊர் முழுக்க ஒரு சத்தம் இல்லை. எருமை மட்டும் அசைபோட்டது.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. ஊரைத் தாண்டிப் போய்விட்டது.

பத்தரைக்குத் திரும்பி வந்தது. மறுபடியும் தாண்டிப் போய்விட்டது.

ஊர்ப் பேர் தெரியாமல் தவிக்கிறார்கள் என்று முத்துப்பேச்சிக்குப் புரிந்தது. ஓடிப் போய் நிறுத்தலாம். ஆனால் படத்தில் அவள் ஓடவில்லை. கன்னம் வலித்தது. இடுப்பு மரத்துப்போனது. குளத்தில் ஒரு காகம் வந்து இறங்கியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுக் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போனது. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

மூன்றாவது முறை வந்த ஜீப் எருமைக்கு முன்னால் நின்றது.

"சார்" என்றார் ஓட்டுநர். "நீல எருமை."

அதிகாரி கைப்பேசியில் இருந்த படத்தைப் பார்த்தார். எருமையைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். இறங்கி நடக்கத் தொடங்கினார். டீக்கடை, மேற்கே. பஸ் பலகை, பள்ளிக்கூடத்தை ஒட்டி. வீடுகள், இருபத்திரண்டு, பூட்டியபடி. குளக்கரையில் நின்று, "ஒரு மீன் குறையுதே" என்று முணுமுணுத்தார். பிறகு முத்துப்பேச்சியின் முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, இது எந்த ஊரு?"

முத்துப்பேச்சி சிரித்தாள்.

"ஈச்சங்குறிச்சிதானே?"

முத்துப்பேச்சி சிரித்தாள்.

"ஊர்ல ஒரு ஆளையும் காணோமே. எல்லாரும் ஊரை விட்டே போயிட்டாங்களா?"

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பல் நான்கும் அப்படியே இருந்தன. அதிகாரி ஓட்டுநர் பக்கம் திரும்பினார்.

"ஊரே காலியாக் கிடக்கு. ஆளே இல்லாத ஊருக்குப் பள்ளிக்கூடம் எதுக்குய்யா? மூடிடலாம்னு எழுதிட வேண்டியதுதான்." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

முத்துப்பேச்சியின் கண்ணுக்கு முன்னால் நாலுவழிச் சாலை வந்தது. வெள்ளாடு வந்தது. குடம் இடுப்பிலிருந்து நழுவியது. தண்ணீர் அதிகாரியின் செருப்பு வரைக்கும் ஓடியது.

"ஐயா!" என்று அவள் கத்தினாள். "ஊர்ச் சனம் மொத்தமும் பள்ளிக்கூடத்துலதான் இருக்கு ஐயா!"

அதிகாரி போய்ப் பார்த்தார். ஒற்றை வகுப்பறை. முன் வரிசையில் ஒன்பது பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் வேட்டியும் சேலையுமாக ஐம்பது பேர் சம்மணம் போட்டு, வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். வாயில் விரல் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது ஒன்றாம் வகுப்பு.

"வணக்கம் ஐயா" என்று அத்தனை பேரும் எழுந்து ராகம் போட்டுச் சொன்னார்கள்.

 என்ன கேட்பது என்று தெரியாமல் அதிகாரி பாடத்திலிருந்தே ஒரு கேள்வி கேட்டார். "வடக்கு எந்தப் பக்கம்?"

ஐம்பது பெரியவர்களும் கூரையைக் காட்டினார்கள்.

தர்ஷிகா மட்டும் எழுந்து, ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள். "இந்தப் பக்கம் ஐயா. காலையில சூரியனைப் பாத்து நின்னா இடது கைப் பக்கம்."

அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். கூரையை நோக்கி இன்னும் இறங்காமல் நின்ற ஐம்பது கைகளைப் பார்த்தார். பேனாவை எடுத்து எழுதினார். எழுதிக்கொண்டே ஓட்டுநரிடம் சொன்னாராம்: "இந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டாயம் வேணும்யா. பிள்ளைகளுக்கு மட்டும் போதாது."

பள்ளிக்கூட வாசலில் நனைந்த சேலையோடு நின்ற முத்துப்பேச்சிக்கு அவர் சொன்னதில் முதல் பாதிதான் கேட்டது. அதுவே போதுமானதாக இருந்தது. மூன்று நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சை அதன் பிறகு முழுவதுமாகப் பேசினாள். ஜீப் கிளம்பிப் போய் வெகு நேரம் வரைக்கும் பேசினாள்.

எஸ்தர் டீச்சர் பன்னிரண்டு மணிக்குத்தான் வந்து சேர்ந்தார். வழக்கமான இடத்தில் பலகையையும் டீக்கடையையும் காணாமல் பஸ் அடுத்த ஊர் வரைக்கும் போய்விட்டது. வெயிலில் நடந்து வந்திருந்தார். வந்தவர் எருமையைப் பார்த்தார். ஜெபமணியின் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ கேட்டார்.

குழு அவரைச் சுற்றி நின்றது. பள்ளி பிழைத்த சந்தோஷத்திலும் அவர்களுக்கு ஒரு குறை இருந்தது. ஆவுடையப்பன்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"டீச்சர், எல்லாம் படத்துல இருந்தபடியே செஞ்சோம். இருந்தும் பத்துக்கு ஒம்பதுதானே போட்டிருக்கீங்க. நம்ம ஊர்ல அந்த ஒரு மார்க் எங்க குறையுது?"

"கருவாட்டுலதான் இருக்கும். நான் அப்பவே சொன்னேன்" என்றார் ஜெபமணி.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். "ஊர்ல ஒண்ணும் குறையல. பிள்ளை படத்துக்குக் கீழே தன்னோட பேரையும் வகுப்பையும் எழுத மறந்துட்டா. அதுக்கு ஒரு மார்க் குறைச்சேன். தர்ஷிகா, இங்க வா. எழுதிரு."

தர்ஷிகா கீழ் வலது மூலையில் அழகாக எழுதினாள். டீச்சர் ஒன்பதை அடித்துப் பத்து போட்டார். குழு உறுப்பினர்கள் அந்த மூலையை உற்றுப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோருமாகத் திரும்பி, ரோடு தொடங்கும் இடத்தில் வெறுமனே நின்ற கம்பத்தைப் பார்த்தார்கள்.

"எங்கிட்ட பலகை இருக்கு" என்றார் ஆவுடையப்பன். "பெயிண்டுதான் வேணும்."

நடத்துநர் சொன்னதை அப்படியே எழுதிவிடத் தயக்கமாக இருந்தது. பள்ளிகள் திறந்த பிறகு ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை அதே பஸ்ஸில் போனேன். "தர்ஷிகா எறங்குறவங்கல்லாம் வாங்க" என்று அவர் கூப்பிட்டதும் என்னோடு ஏழு பேர் இறங்கினார்கள். எருமை கறுப்பாகத்தான் இருந்தது. மஞ்சள் பலகை அதே கம்பத்தில் இருந்தது. அவர் சொன்னதில் ஒரே ஒரு தவறு: பலகையில் 'தர்ஷிகா, 4ஆம் வகுப்பு' என்று இருப்பதாகச் சொல்லியிருந்தார். நான் பார்த்தபோது நான்கை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதியிருந்தார்கள்.